முன்பாரம்

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்ஷன் என்றார்கள். கமாண்டன்ட் என்றைக்கு மூன்று மணிக்கு வந்திருக்கிறார், சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டு, முகம் கழுவி, மீசையை நீவிவிட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வருவார், அதுவரைக்கும் நான் இந்த மணல்மூட்டைக்குப் பின்னால் இதைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டும். இதை என்றால் துப்பாக்கியை. பெயரைச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. வந்த புதிதில் நன்றாகத்தான் இருந்தது, இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பழைய துப்பாக்கிபோல உலக்கைக் கனம் இல்லை, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்த குண்டு தானாக ஏறி உட்கார்ந்துகொள்ளும், நடுவில் இரண்டு விரலைக் கொடுத்தால் இந்தப் பக்கமும் சாயாது அந்தப் பக்கமும் சாயாது, அப்படியே நிற்கும். அட, நம் கைக்கென்றே செய்தார்களா என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் யார் கண்ணில் பட்டதோ. எங்கேயோ ஒரு விமான நிலையத்தில் இருட்டில் யாரையோ தவறவிட்டார்களாம், எல்லார் துப்பாக்கியிலும் டார்ச் ஏறியது. எங்கேயோ குறி தப்பியதாம், குறி பார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் சைட் ஏறியது. அப்புறம் லேசர். அப்புறம் முன்கைக்கு ஒரு பிடி. கடைசியாக, தரையில் படுத்துச் சுடுவதற்கென்று மடக்குகிற இரண்டு கால். இந்தச் சின்ன விமான நிலையத்தின் சரக்கு வாசலில் படுத்துக்கொண்டு நான் எதைச் சுடப்போகிறேன், கோழி ஏற்றிவருகிற வண்டியையா? எங்கே யாருக்குச் சறுக்கினாலும் என் துப்பாக்கியில் ஒன்று கூடும். அதுவும் எல்லாம் குழல் பக்கம். ஆயுத அறையைப் பார்த்துக்கொள்கிற துரைசிங்கத்திடம் கேட்டேன், எல்லாத்தையும் மூக்குலயே மாட்டுனா எப்படி அண்ணாச்சி என்று. "மாட்டுறதுக்கு இடம் அங்கனதான இருக்கு, நான் என்ன செய்ய?" என்றார். மாட்டுவண்டியில் முன்பாரம் என்பார்களே, அதுதான் இது. பின்பக்கம் இலேசாக இருக்கும், முன்பக்கம் மொத்தமும் மாட்டின் கழுத்தில் இறங்கும். இங்கே மாடு நான்.

என் இடது கை தோள் மட்டத்துக்குக்கூட எழும்பாது. மனதுக்குள் சொல்லும்போதுகூட யாராவது கேட்டுவிடுவார்களோ என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் காலையில் கொடியில் துணி போடக் கையை உயர்த்தினேன், பாதியில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி நின்றுவிட்டது. ராத்திரி படுத்த வாக்கு சரியில்லை என்று நினைத்தேன். தைலம் தேய்த்தேன், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தேன், இப்போது பொங்கலும் போய்விட்டது, கை அதே இடத்தில்தான் நிற்கிறது. டவுனில் ஒரு டாக்டரிடம் சேலை கட்டிக்கொண்டு போனேன், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு வீட்டில் சும்மாதான் இருக்கேன் என்றேன். தூக்கிப் பார்த்து, திருகிப் பார்த்து, என் கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "மூட்டு இறுகிப்போச்சும்மா, தானா விடும், வருஷம்கூட ஆகலாம், கனம் மட்டும் தூக்காதீங்க, ஒரு குடம் தண்ணிகூட வேண்டாம்" என்றார். சரி சார் என்று தலையாட்டிவிட்டு மறுநாள் வந்து இதைத் தூக்கிக்கொண்டு நின்றேன். சிரிக்கிறதா அழுகிறதா. குண்டு துளைக்காத இந்தச் சட்டை வேறு, ஏற்கெனவே தோளை அழுத்திக்கொண்டிருக்கிறது, உள்ளே வியர்வை முதுகெலும்பு வழியாக இறங்கி இடுப்புப் பட்டியில் தேங்குகிறது, சொறியக்கூட முடியாது. உப்பளக் காற்று அடிக்கிறது, உதட்டை நக்கினால் கரிக்கிறது. கமாண்டன்ட் இன்னும் வரவில்லை. படையில் சொல்லிவிடலாம். சொன்னால் மெடிக்கல் போர்டு, போர்டில் தரம் இறக்குவார்கள், தரம் இறங்கினவளுக்கு விமான நிலையத்தில் வேலை இல்லை, வடக்கே ஏதாவது ஒரு முகாமில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். உட்கார்ந்து சாப்பிடலாம், சம்பளம் அப்படியே வரும். எனக்கு வடக்கு வேண்டாம். வடக்கில் இருந்த காலம் போதும்.

மகள் ரோஷ்னி பிறந்து ஆறு மாதத்தில் தங்கச்சி அமலியிடம் கொடுத்துவிட்டு ரயிலேறியவள் நான். அவள் அப்பாவுக்குக் கப்பல் வேலை, ஒரு துறைமுகத்திலிருந்து பேசுவார், அடுத்த துறைமுகம் வரும்வரை சத்தம் இருக்காது. லீவில் வரும்போதெல்லாம் பிள்ளை அமலியின் சேலைக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்க்கும். சித்தியை வா போ என்று அதட்டுவாள், என்னிடம் சாப்பிட்டீங்களா, எப்போ கிளம்புறீங்க. இந்த நிலையத்துக்கு மாற்றல் கிடைத்த அன்று மாதா கோயிலில் போய் ஒரு கட்டு மெழுகுவர்த்தி கொளுத்தினேன். பள்ளிக்கூடம் திறந்ததும் அவளைக் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்தேன், வந்து மூன்று மாதம் விருந்தாளி மாதிரிதான் இருந்தாள், தட்டைக் கழுவி வைப்பாள், கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவாள். அப்புறம் இந்தக் கை. ஒரு காலையில் தொப்பிக்குள் அடங்குகிற மாதிரிக் கொண்டை போட முடியாமல் கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். பின்னால் வந்து சீப்பை வாங்கினாள். குனிங்க என்றாள். அன்றிலிருந்து தினமும் அவள்தான் போடுகிறாள், போடும்போதுதான் எல்லாக் கதையும் வருகிறது, கணக்கு டீச்சர் கதை, பக்கத்து பெஞ்சுப் பெண்ணோடு சண்டை போட்ட கதை, எனக்கு மீன் குழம்பே வைக்கத் தெரியவில்லை என்கிற கதை. இப்போது குனிங்க போய்விட்டது. தலையை ஆட்டாத என்று மண்டையில் ஒரு தட்டு. இந்தக் கை கெட்டதால் வந்த பிள்ளை அது, இதை யாரிடம் சொல்ல. இன்று காலையில் கொண்டை ஊசியைக் குத்தும்போது கேட்டாள், "ஆபீஸ்ல சொல்லிட்டியா?" சொல்லணும் என்றேன். "சொன்னா அனுப்பிருவாங்களா?" ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்தினாள்.

பொற்கொடி வெளியே வெயிலில் நிற்கிறாள். தர்மபுரிப் பக்கத்துக்காரி, வீட்டில் இரண்டு வயதுப் பையன், இந்த வாசலில் அவளும் நானும்தான் ஜோடி. வண்டி வந்தால் அவள் முன்னால் போய் நிறுத்துவாள், டிரைவரை இறக்கிக் கதவைத் திறக்கச் சொல்வாள், சக்கரம் வைத்த கண்ணாடியை உருட்டி வண்டிக்கு அடியில் பார்ப்பாள், நான் மூட்டைக்குப் பின்னாலிருந்து அவளுக்குக் கவர். அவள் குனிந்திருக்கும்போது எவனாவது எதையாவது எடுத்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது, நான்தான் தூக்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. நாள் பூராவும் நிற்பதும் சுமப்பதும் அந்த ஒரு தூக்கலுக்காகத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் போவதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்து, "கவர், அக்கா?" என்பாள். கவர் என்பேன். அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பாள். அந்த முதுகைப் பார்க்கத்தான் முடியவில்லை. நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை, என்னென்னவோ செய்து பார்த்தேன். வாரைக் குட்டையாக்கி முன்கனத்தைக் கழுத்தில் மாட்டினேன், கழுத்து பிடித்துக்கொண்டது. முழங்கையை விலாவில் ஒட்டிவைத்துப் பார்த்தேன், குழலை மூட்டை மேலே சாய்த்துவைத்துப் பார்த்தேன். இந்த இரண்டு கால், லேசர், இந்த இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டால் பாதிச் சுமை போய்விடும், எனக்கும் தெரியும் துரைசிங்கத்துக்கும் தெரியும். ஆனால் கழற்றினால் கேள்வி வரும், எங்கே போச்சு, யார் சொல்லிக் கழற்றினாய், சர்க்கார் சொத்து. கூட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள். எதையும் எடுக்கிறதுக்குத்தான் இங்கே உத்தரவு வேண்டும். அதனால் நானும் கூட்டினேன். என் தம்பி ராயப்பனிடம் வலைக்கு அடியில் கோக்கிற ஈயத்துண்டு கொஞ்சம் வாங்கி வந்தேன், எதுக்குக்கா, மீன் பிடிக்கப் போறியா என்று கிண்டலடித்தான். துப்பாக்கியின் பின்கட்டைக்குள் எண்ணெய்ப் புட்டியும் துடைக்கிற கயிறும் வைக்க ஒரு பொந்து இருக்கிறது, அவற்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஈயத்தைத் துணியில் இறுக்கிச் சுற்றி அதற்குள் திணித்தேன். மூக்கு நிமிர்ந்தது. வந்த புதிதில் நின்ற மாதிரியே நின்றது, வலது கை மட்டும் பிடித்தால் போதும், இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். சாயங்காலம்தான் தெரிந்தது, முன்கனம் சரியாகிவிட்டது, மொத்தக் கனம் ஏறிவிட்டது. இப்போது வலது தோளும் முனக ஆரம்பித்திருக்கிறது. நிதானமாகத் தூக்கினால் தூக்கிவிடுவேன், இடுப்பில் ஒரு முட்டுக் கொடுத்து, வலது கையால் தள்ளி, குழலை மூட்டையில் தேய்த்து ஏற்றி. நிதானமாக. வருகிறவன் நிதானமாகவா வருவான்? ராத்திரி படுத்துக்கொண்டு இதையேதான் ஓட்டிப் பார்க்கிறேன், அவள் குனிகிறாள், ஒருவன் கையை எடுக்கிறான், நான் இடுப்பில் முட்டுக் கொடுக்கிறேன், அதற்கு மேலே நினைப்பு ஓடாது, எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன்.

நாலு மணி விமானம் இறங்குகிறது, தரை அதிர்கிறது, காக்கைகள் எழுந்து மறுபடி உட்காருகின்றன. தண்ணீர் லாரி ஒன்று திரும்புகிறது. எப்போதும் வருகிற லாரிதான். பொற்கொடி திரும்பிப் பார்க்கிறாள், கவர், அக்கா, கவர், நடக்கிறாள். லாரி வேகத்தைக் குறைக்கவில்லை. தடுப்புக்கு டிரம்மை அடுக்கியிருக்கிற இடத்தில் குறைக்க வேண்டும், குறைக்கவில்லை. பொற்கொடி கையை நீட்டுகிறாள், விசிலை ஊதுகிறாள், முதல் டிரம் உருண்டு போகிறது. தூக்கு. தூக்குடீ. இடுப்பு, முட்டு, எதுவும் இல்லை, கை தானாகப் போகிறது, போய் அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது, தோளுக்குள்ளே கத்தியை விட்டுத் திருப்பிய மாதிரி, கண் இருட்டுகிறது, சிவப்புப் புள்ளி ரோட்டில் கிடக்கிறது, ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலே, லாரியின் சக்கரத்தின் மேலேகூட இல்லை. எந்திரி. எந்திரிக்கவில்லை. டயர் கிறீச்சிட்டு லாரி நின்றுவிட்டது, பொற்கொடி நீட்டிய கை அதன் முகப்பைத் தொடுகிற தூரத்தில். டிரைவர் குதித்து இறங்கி, "பிரேக் புடிக்கல மேடம், சத்தியமா புடிக்கல, கைப்பிரேக்க இழுத்துத்தான் நிறுத்துனேன்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறான். பொற்கொடி அவனை வாங்கு வாங்கென்று வாங்குகிறாள், "புள்ள குட்டி இருக்குதுய்யா எனக்கு, பிரேக் இல்லாத வண்டிய எதுக்குய்யா எடுத்தாந்த?" என்ன சொல்லப்போகிறாள், பார்த்திருப்பாள், குழல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை முழுசாகப் பார்த்திருப்பாள். வருகிறாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூட்டைப் பக்கம் வருகிறாள். "நல்லவேள அக்கா, நீங்க பதறல. வேற யாராயிருந்தாலும் இந்நேரம் அந்தாள சுட்டிருப்பாங்க. நீங்க துப்பாக்கியத் தூக்கவே இல்ல, பிரேக்குதான் போச்சுன்னு எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?" நான் ஏதோ சொன்னேன். சத்தத்தில் தெரிந்தது என்றோ என்னவோ. என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே போய் டிரம்மை நிமிர்த்தி வைத்தாள்.

ஜீப். வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் துரைசிங்கம், தொந்தியை உள்ளே இழுத்துக்கொண்டு. விறைப்பாக நிற்கிறேன், வலது கையால் சல்யூட், நல்லவேளை சல்யூட் அடிக்கிற கை இது. கமாண்டன்ட் இளவயதில் போட்டிகளில் சுட்டவர் என்று சொல்வார்கள், துப்பாக்கியை வாங்குகிற விதத்திலேயே தெரிகிறது, மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, உள்ளங்கையில் வைத்து ஏந்துகிறார். ஏந்தியவர் புருவத்தைத் தூக்குகிறார். இன்னொருமுறை ஏந்துகிறார். தோளில் வைத்து வானத்தைப் பார்த்துக் குறி பார்க்கிறார், சின்னப் பையன் மாதிரி முகம் மலர்கிறது. இது எப்படி இவ்வளவு நேராக நிற்கிறது, மற்றதெல்லாம் மூக்குக் குத்துகிறதே என்று இந்தியில் கேட்கிறார். துரைசிங்கம் என்னைப் பார்க்கிறார், அவர் நெற்றியில் வேர்க்கிறது. மறைத்து என்ன பண்ண, பின்கட்டைக்குள் ஈயம் வைத்திருக்கிறேன் சார் என்றேன், மீன் வலை ஈயம். போச்சு, சர்க்கார் துப்பாக்கியில் கைவைத்ததற்கு மெமோ என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரிக்கிறார். மீனவர் வீட்டு மூளை, சபாஷ் என்கிறார். துரைசிங்கத்தின் பக்கம் திரும்பி, எல்லாத் துப்பாக்கிக்கும் இதே மாதிரிச் செய்துவிடு, முதலில் இவளுடையது என்று பொற்கொடியைக் காட்டுகிறார். எல்லாத் துப்பாக்கிக்குமா. ஐயோ, கூட்டாதீர்கள் சார், அந்தக் காலைக் கழற்றுங்கள், லேசரைக் கழற்றுங்கள், அந்த ஈயத்துக்கு வேலையே இருக்காது. தொண்டைக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். பொற்கொடிக்கு ஒரே பெருமை. தெரிந்த இந்தியை வைத்துக்கொண்டு லாரிக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், கையை நீட்டிக் காட்டுகிறாள், விசில் ஊதிக் காட்டுகிறாள், அக்கா அசையவே இல்ல சார், அக்கா பின்னால இருந்தா எனக்கு பயமே இல்ல சார். கமாண்டன்ட் தலையாட்டுகிறார், நல்லது, நல்லது. துப்பாக்கி என் கைக்குத் திரும்பி வருகிறது. கிளம்பும்போது கேட்கிற கேள்வியைக் கேட்கிறார், எந்த அதிகாரி வந்தாலும் கேட்பது, "கோயீ தக்லீஃப்?" கஷ்டம் ஏதாவது உண்டா என்று. எனக்குத் தெரிந்து இந்தப் படையில் ஒருவருக்கும் ஒரு தக்லீஃபும் இருந்ததில்லை. ஜுரத்தோடு நிற்பவனும் சொல்வான், அப்பா செத்து லீவு கிடைக்காதவனும் சொல்வான், நஹீ சார், ஒன்றும் இல்லை சார். பொற்கொடி கணீரென்று சொல்லிவிட்டாள். இப்போது என் முறை. நாக்கு நுனியில் வந்து நிற்கிறது அந்த நஹீ சார், சொல்லிவிட்டால் ஜீப் போய்விடும், ஆறு மணிக்கு ஆள் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம், காலையில் சீப்பு, தலையை ஆட்டாத. காலையில் மறுபடியும் கவர், அக்கா. பயமே இல்லை என்றாளே. பயம் இருக்கட்டுமே அவளுக்கு, பயந்தாலாவது தள்ளி நிற்பாள், வண்டிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். நான்தானே அந்தப் பயத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். களைப்பாக இருக்கிறது. இதற்கு மேலே ஒன்றைக்கூட என்னால் சுமக்க முடியாது, கர்த்தரே.

"இருக்கு சார்" என்றேன். தமிழில்தான் வந்தது. இத்தனை வருஷம் பேசிய இந்தி எங்கே போனதோ, ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. "எடது கை எந்திரிக்காது சார். லாரி வந்தப்ப நான் பதறாம நிக்கல. தூக்கத்தான் பாத்தேன். வரல."

கமாண்டன்டுக்குப் புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று துரைசிங்கத்தைப் பார்க்கிறார். சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று துரைசிங்கத்துக்குத் தெரியும். "மேடம், நெசமாவா சொல்லுதிய? சொல்லட்டுமா?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்கிறார். சொல்லுங்க அண்ணாச்சி என்றேன். அவர் ஒவ்வொரு வார்த்தையாக இந்தியில் இறக்கிவைக்கத் தொடங்கினார். ஆனால் பொற்கொடிக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. லாரி நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கிருந்து இந்த மூட்டை வரைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"எத்தன நாளா அக்கா, நான் அங்க தனியா நின்னுட்டிருக்கேன்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.